பீட் நிலத்தில் பயிர் வைத்திருப்பவர்களுக்கு: நிலத்தடி நீர்மட்டத்தை அளப்பதும் பிடித்து வைப்பதும்

பீட் நிலத்துக்கு (முழுதாக மட்காத இலை, வேர், மரம் சேர்ந்து உருவான சதுப்பு நிலம்) புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது உரக் கணக்கைத்தான். எவ்வளவு பொட்டாஷ், எவ்வளவு சுண்ணாம்பு, செம்பு சத்து எப்போது போடணும் என்று. அதெல்லாம் வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இன்றைக்கு உங்கள் பிளாக்கின் (வாய்க்கால்களுக்கு இடைப்பட்ட பயிர்ப் பகுதியின்) நடுவில் தரைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டரில் தண்ணீர் நிற்கிறது? வாய்க்காலில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்கவில்லை, பிளாக்கின் நடுவில். மரம் சாய்வது, தீப்பிடிப்பது, வெள்ளம் நிற்பது, நிலம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பது எல்லாமே இந்த எண்ணில் போய் முடிகிறது.

சுமத்ரா, கலிமந்தான், சரவாக், மலேசியத் தீபகற்பம் என்று செம்பனை (எண்ணெய்ப்பனை), அன்னாசி, அக்கேசியா, சவ்வரிசிப் பனை வளரும் வெப்பமண்டல பீட் நிலங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சின்னத் தோட்டக்காரராக இருந்தாலும், பெரிய எஸ்டேட்டில் புதிதாகச் சேர்ந்த கண்காணிப்பாளராக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

பீட் என்பது நாம் பழகிய மண் இல்லை. இலை, வேர், கிளை, அடிமரம் எல்லாம் தண்ணீருக்குள் விழுந்து, முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து கிடப்பது. தண்ணீர் மூடியிருக்கிற வரை காற்று உள்ளே போகாது, காற்று போகாவிட்டால் மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யாது, அதனால்தான் அவ்வளவும் சேர்ந்தது. இயற்கையாக இருக்கும்போது அதன் கன அளவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான்.

வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தவுடன் இரண்டு காரியம் நடக்கிறது. மிதந்துகொண்டிருந்த பொருள் தன் எடையிலேயே அமுங்குகிறது, இது ஆரம்ப வருடங்களில் ரொம்ப வேகம். அப்புறம், காற்று பட்ட பகுதி மட்கி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது, இது பீட் தீரும் வரை நடக்கும். சுமத்ராவில் அக்கேசியா, செம்பனைத் தோட்டங்களில் அளந்தபோது, வடித்த முதல் 5 ஆண்டுகளில் நிலம் சுமார் 1.4 மீட்டர் தாழ்ந்திருந்தது, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் போல.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 1 சென்டிமீட்டர் பீட் என்றால் 100 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ உலர் எடை என்று வைத்தால் 10 டன், அதில் பாதிக்கு மேல் கார்பன். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2013-இல் கொடுத்த கணக்கின்படி வடிக்கப்பட்ட பீட்டில் உள்ள செம்பனைத் தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 11 டன் கார்பனை இழக்கிறது, அதாவது 40 டன் கார்பன் டை ஆக்சைடு. அக்கேசியாவுக்கு 20 டன் கார்பன், அங்கே பொதுவாக இன்னும் ஆழமாக வடிப்பார்கள்.

தண்ணீரை உயர்த்திப் பிடித்தால் இந்த இழப்பு மெதுவாகும். பயிர் வைத்து, கொஞ்சமாவது வடித்துக்கொண்டிருக்கிற வரை முழுசாக நிற்காது. "40 சென்டிமீட்டரில் வைத்துவிட்டோம், இனி பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு உயரத்தில் தண்ணீரை வைத்து நிலத்தின் ஆயுளை நீட்டுகிறோம், நம்மால் ஆவது அவ்வளவுதான்.

எந்த எண்ணை நோக்கிப் போக வேண்டும்?

இந்தோனேசியாவில் சட்டமே இருக்கிறது. 2014-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்ட அரசு விதியின்படி, பயிரிட அனுமதியுள்ள பீட் பகுதியில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 0.4 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் நிலம் கெட்டுப்போனதாகவே கணக்கு. 3 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பீட் பாதுகாப்புப் பகுதிக் கணக்கில் வரும். நிலையான பாமாயிலுக்கான ஆர்எஸ்பிஓ அமைப்பின் கையேடுகள் செம்பனைக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் என்ற வரம்பைச் சொல்லி வந்திருக்கின்றன. அந்த அமைப்பின் உறுப்பினர்கள் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு பீட்டில் புதிதாக நடவே கூடாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் 40-ஐ கீழ் எல்லையாக வையுங்கள். செம்பனை வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டருக்குள்ளேதான் இருக்கிறது, அதனால் தண்ணீரை 70, 80 என்று இறக்கி வைப்பதால் மரத்துக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. அதே சமயம் 20 சென்டிமீட்டருக்கு மேலே ஏறி வாரக்கணக்கில் நின்றாலும் கஷ்டம்தான். வேர் மூச்சுத் திணறும், போட்ட உரம் கரைந்து ஓடும், மீத்தேனும் கூடுதலாக வெளியேறும்.

படி 1: நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பீட் நிலம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். ஆனால் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அது மெல்ல உயர்ந்த ஒரு மேடு, பல இடங்களில் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவுதான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே லெவல் கருவி வைத்து உயரங்களை எடுத்து, சம உயரக் கோடு போட்ட ஒரு வரைபடம் கையில் இருக்க வேண்டும். சின்னத் தோட்டமாக இருந்தால் மழை பெய்து வாய்க்கால் நிரம்பியிருக்கும் நாளில் தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது, எங்கே தேங்குகிறது என்று நடந்து பார்த்து ஒரு கை வரைபடமாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே மண் துளைப்பான் வைத்து சில இடங்களில் பீட் எவ்வளவு ஆழம், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடலோரத்து பீட்டுக்கு அடியில் சில இடங்களில் கந்தகம் கலந்த சாம்பல்நிறக் களிமண் (பைரைட் உள்ளது) இருக்கும். பீட் மெலிதாக இருந்து நீர்மட்டம் அந்தக் களிமண்ணுக்குக் கீழே இறங்கினால், காற்று பட்டு கந்தக அமிலம் உருவாகும், அதற்குப் பிறகு பயிரும் வாய்க்கால் மீனும் படும் பாடு பெரிது. எடுத்த களிமண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விட்டால் பலமாக நுரைக்கிறதா என்று பாருங்கள். பலமாக நுரைத்தால் பைரைட் இருக்க வாய்ப்பு அதிகம் (வேறு மட்குப் பொருள் கலந்திருந்தாலும் நுரைக்கும்), மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். உறுதியானால் அந்த பிளாக்கில் தண்ணீரை எந்தக் காலத்திலும் களிமண் மட்டத்துக்குக் கீழே விடாதீர்கள்.

படி 2: அளவுக் குழாய் இறக்குங்கள்

தேவைப்படுவது 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண பிவிசி பைப், நீளம் 2 முதல் 3 மீட்டர். கடும் வறட்சியிலும் பைப்பின் அடிப்பகுதியில் தண்ணீர் இருக்கணும், அதை வைத்து நீளத்தை முடிவு செய்யுங்கள். தரைக்குக் கீழே போகிற பகுதி முழுக்க, மேல் 10 சென்டிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு, சின்னத் துளைகள் போடுங்கள். அடியில் மட்டும் துளை போட்டால் அந்த ஆழத்தில் உள்ள நீரழுத்தத்தைத்தான் காட்டும், நமக்கு வேண்டிய நீர்மட்டம் கிடைக்காது. அடிவாயை மூடி, துளைகளைச் சுற்றி மெல்லிய வடிதுணி கட்டுங்கள், இல்லையென்றால் சில மாதங்களில் சேறு ஏறி அடைத்துவிடும்.

பைப்பைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டாம். சுற்றியுள்ள பீட் நசுங்கி, தண்ணீர் உள்ளே வரும் வழியே அடைபட்டுவிடும். துளைப்பானால் பைப் அளவுக்கே ஓட்டை போட்டு, கையால் இறக்குங்கள். நடுவில் பழைய மரக்கட்டை தட்டுப்பட்டால் (தட்டுப்படும், பீட் முழுக்கக் கட்டைதான்) ஒரு மீட்டர் தள்ளி மறுபடி போடுங்கள். தரைக்கு மேலே அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேலே மூடி போட்டு, மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை வையுங்கள். இறக்கியதும் உள்ளே இருக்கும் கலங்கல் தண்ணீரை இரண்டு மூன்று தடவை இறைத்து வெளியேற்றுங்கள், ஒரு வாரம் கழித்து எடுக்கிற அளவிலிருந்துதான் கணக்கு.

எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் சௌகரியம் பார்க்கிறார்கள். வாய்க்கால் ஓரம், பாதை ஓரம் என்று போய்ப் பார்க்க எளிதான இடத்தில் வைத்துவிடுகிறார்கள், அந்த எண் பிளாக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. மழைக்காலத்தில் பிளாக்கின் நடுவில் தண்ணீர் வாய்க்கால் மட்டத்தைவிட மேலே இருக்கும், ஏனென்றால் அது வடிந்து வர நேரம் எடுக்கும். கோடையில் நிலைமை தலைகீழ். தடுப்பு போட்டு வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருப்போம், ஆனால் நடுவில் மரங்கள் தினமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும், வாய்க்காலிலிருந்து தண்ணீர் அங்கே போய்ச் சேருவதற்குள் நடுப்பகுதி இன்னும் கீழே போயிருக்கும். வாய்க்கால் 40 காட்டும், நடுவில் 65 இருக்கும். தீப்பிடிப்பதும் அங்கேதான். இந்தோனேசிய விதி பிளாக்கின் மையத்தில் அளக்கச் சொல்வதும், மொத்த பிளாக்குகளில் குறைந்தது 15 சதவீதத்தில் அளவுப் புள்ளி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

முடிந்தால் ஒரு பிளாக்கில் மட்டுமாவது வாய்க்காலிலிருந்து நடு வரை ஒரே வரிசையில் நாலு குழாய் போடுங்கள்: 5 மீட்டர், 25 மீட்டர், 50 மீட்டர், அப்புறம் மையம். ஒரு வருஷம் இதைப் பார்த்தாலே உங்கள் பீட்டில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பது கைக்கு வந்துவிடும்.

படி 3: சரியாக அளப்பது

குழாயிடம் போகும்போது சுற்றி மிதிக்காதீர்கள். பீட் உங்கள் எடையில் அமுங்கி, குழாய்க்குள் தண்ணீர் சில சென்டிமீட்டர் ஏறிவிடும். ஒரு பலகையை நிரந்தரமாகப் போட்டு அதன் மேல் நின்று அளங்கள், அதுவும் குழாய்க்கு ரொம்ப நெருக்கமாக வேண்டாம்.

டேப்பின் முனையில் அடிப்பக்கம் குழிந்த சின்ன உலோகக் குண்டு ஒன்றைக் கட்டி மெதுவாக இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அரை சென்டிமீட்டர் மேலே தூக்கி மறுபடி இறக்கி, சத்தம் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் டியூபை வாயால் ஊதிக்கொண்டே இறக்கினாலும் போதும், தண்ணீரைத் தொட்டதும் குமிழிச் சத்தம் கேட்கும். குழாயின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை வந்த அளவில், விளிம்பிலிருந்து தரை வரை உள்ள உயரத்தைக் கழித்தால் வருவதுதான் நீர்மட்டம். டேப் 97, குழாய் தரைக்கு மேலே 52 என்றால் நீர்மட்டம் 45 சென்டிமீட்டர்.

இந்தக் கழித்தலில்தான் பெரிய கோளாறு ஒளிந்திருக்கிறது. குழாய் பீட்டைத் தாண்டி அடிக் களிமண்ணில் ஊன்றியிருந்தால் அது நகராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள நிலம் ஒவ்வொரு வருஷமும் தாழும். போட்ட அன்று 50 சென்டிமீட்டர் வெளியே இருந்தது அடுத்த வருஷம் 55 ஆகியிருக்கும். டேப் 100 காட்டும்போது பழைய 50-ஐயே கழித்தால் 50 என்று எழுதுவீர்கள், உண்மையில் அது 45. எனவே ஒவ்வொரு தடவையும் வெளியே நீட்டியிருக்கும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள், கூடுதலாக ஆவது சில விநாடிதான். இதில் இன்னொரு லாபமும் உண்டு: களிமண்ணில் ஊன்றிய குழாயில் அந்த உயரம் வருஷா வருஷம் எவ்வளவு கூடுகிறதோ அதுவே நிலம் தாழ்ந்த அளவு. தனியாக ஒரு இரும்புக் கம்பத்தைக் களிமண் வரை இறக்கி இதற்கென்றே வைப்பது இன்னும் நல்லது.

எது தரை என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். மரத்தடியில் மேடாக இருக்கும், அறுவடைப் பாதை மிதிபட்டுப் பள்ளமாக இருக்கும், மட்டை அடுக்கிய இடம் வேறு மாதிரி. நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குழாயில் மாட்டித் தரையில் உட்காரவிட்டால், அளக்கிற ஆள் மாறினாலும் அளக்கிற இடம் மாறாது. மழையில் பீட் கொஞ்சம் உப்பும், கோடையில் சுருங்கும், அதனால் நிலம் தாழ்ந்ததைப் பார்க்க ஒரு வருஷத்து மார்ச்சை அடுத்த வருஷத்து மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏற ஆரம்பித்ததும் வாரம் ஒரு தடவை. தானாகப் பதியும் டேட்டா லாகர் போட வசதி இருந்தால் மணிக்கு ஒரு அளவு கிடைக்கும். ஆனால் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கருவிகளில் காற்றழுத்தத்தைக் கழிக்க மறக்கக் கூடாது, மாதம் ஒரு தடவையாவது கையால் அளந்து அதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கருவி சொல்வதை அப்படியே நம்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து அத்தனையும் தப்பு என்று தெரிந்தால் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

மழைமானி ஒன்றும் கட்டாயம் வையுங்கள், அது இல்லாமல் நீர்மட்ட எண்ணுக்கு அர்த்தம் பாதிதான்.

படி 4: எழுதி வைப்பது

நோட்டிலோ எக்செல்லிலோ, தேதி, நேரம், குழாய் எண், டேப் அளவு, வெளியே நீட்டிய உயரம், கழித்து வந்த நீர்மட்டம், மழை, குறிப்பு. அவ்வளவு போதும். கழித்த விடையை மட்டும் எழுதாதீர்கள், பிறகு சரிபார்க்க வழியே இருக்காது. தரைக்குக் கீழே 45 என்பதை சிலர் 45 என்றும் சிலர் கழித்தல் குறி போட்டும் எழுதுவார்கள். ஏதாவது ஒன்றை முடிவு செய்து தாளின் தலையில் எழுதிவிடுங்கள், தண்ணீர் தரைக்கு மேலே நிற்கிற நாளில் இது இல்லாமல் குழம்பும்.

குழாயில் தண்ணீரே இல்லையா? அன்று சுழி போடாதீர்கள், வெற்றாகவும் விடாதீர்கள். "வறண்டது, 180-க்குக் கீழே" என்று குழாயின் அடி ஆழத்தோடு எழுதுங்கள். வருஷத்தின் மிக மோசமான நாளே அதுவாக இருக்கலாம், வெற்றாக விட்டால் சராசரியில் அந்த நாள் காணாமல் போய்விடும்.

படி 5: எண்களைப் படிப்பது

ஆண்டுச் சராசரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மழைக்காலத்தில் 10-இலும் கோடையில் 90-இலும் நின்ற பிளாக்கின் சராசரி அழகாக 45 என்று வரும், அந்த பிளாக்கில் வெள்ளமும் இருந்திருக்கும் தீயும் வந்திருக்கும். எத்தனை நாள் 40-க்குக் கீழே இருந்தது, அதில் எத்தனை நாள் 60-க்குக் கீழே, தொடர்ந்தாற்போல் எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

மழை இல்லாத நாட்களில் பயிரும் வெயிலும் சேர்ந்து தினம் 4 மில்லிமீட்டர் போல் தண்ணீரை எடுக்கும். ஆனால் குழாயில் நீர்மட்டம் 4 மில்லிமீட்டர் மட்டும் இறங்காது. வடிக்கப்பட்ட பீட்டில் தண்ணீர் ஏறி இறங்குகிற இடைவெளி மொத்தக் கன அளவில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று அளவுக்குத்தான் இருக்கும், அதனால் மட்டம் நாளுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். வாய்க்கால் வழியாக ஒரு சொட்டுகூட வெளியேறாவிட்டாலும் இதுதான் நிலை. அப்படியென்றால் 30-இல் இருக்கிற பிளாக் ஒரு வாரம் மழையில்லாமல் போனால் 40-ஐத் தாண்டிவிடும். இதைவிட வேகமாக, தினம் 3, 4 சென்டிமீட்டர் என்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், உடனே வாய்க்காலோரம் நடந்து தேடுங்கள். ஏறுவதும் இதே கணக்குதான், 20 மில்லிமீட்டர் மழைக்கு 8, 10 சென்டிமீட்டர் ஏறும்.

இன்னொன்று. நன்றாகக் காய்ந்த பீட் மறுபடி தண்ணீரை உறிஞ்சாது. தொட்டியில் காய்ந்து போன தென்னை நார்க்கழிவில் தண்ணீர் ஊற்றினால் அது நனையாமல் மேலே உருண்டு ஓடுகிறதே, அதே மாதிரி. மேல்பரப்பு அந்த நிலைக்குப் போய்விட்டால் அடுத்த மழை வந்தாலும் மேலடுக்கு பொடியாகவே கிடக்கும், ஒரு தீப்பொறி போதும். பீட் தீ தரைக்கு அடியில் புகைந்துகொண்டே நகரும், மேலே தண்ணீர் அடித்து அணைப்பது ரொம்பக் கடினம். 2015-இல் எல் நினோ வறட்சியின்போது இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, அதில் மூன்றில் ஒரு பங்கு போல பீட் நிலம். மத்திய கலிமந்தானில் 1990-களின் நடுவில் 10 லட்சம் ஹெக்டேர் நெல் திட்டத்துக்காக 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். அங்கே நெல் விளையவில்லை, 1999-இல் திட்டமும் நிறுத்தப்பட்டது, ஆனால் கால்வாய்கள் தொடர்ந்து தண்ணீரை வடித்தன, 1997-லும் அதற்குப் பிந்தைய வறட்சிகளிலும் அந்த நிலம் திரும்பத் திரும்ப எரிந்தது.

படி 6: தடுப்பு கட்டித் தண்ணீரைப் பிடிப்பது

ஒரே ஒரு பெரிய தடுப்பைக் கடைசியில் கட்டினால் போதும் என்று தோன்றும். அது வேலை செய்யாது. சரிவு இருப்பதால் அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் வெள்ளம் நிற்கும், மேலே உள்ள பிளாக் காய்ந்துகொண்டே இருக்கும். தடுப்பின் இரண்டு பக்கமும் மட்ட வித்தியாசம் அதிகமானால் பீட் அதைத் தாங்கவும் தாங்காது, தண்ணீர் அடியிலோ ஓரத்திலோ துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் படிப்படியாக நிறையத் தடுப்புகள் கட்டணும், ஒவ்வொன்றுக்கும் மட்ட வித்தியாசம் 20, மிஞ்சிப் போனால் 30 சென்டிமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு, 20 சென்டிமீட்டர் படி என்றால் 200 மீட்டருக்கு ஒரு தடுப்பு வரும். நிறையத்தான். ஆனால் ஒவ்வொன்றும் எளிமையாக இருக்கலாம்: இரண்டு வரிசை மரக்கம்பு ஊன்றி நடுவில் மண் மூட்டை அடுக்கியது, அல்லது எக்ஸ்கவேட்டரால் ஈர பீட்டையே அழுத்தி நிரப்பியது. காய்ந்த பீட்டை எடுத்து நிரப்பாதீர்கள், அது மிதந்து போய்விடும்.

தடுப்பு உடைவது பெரும்பாலும் நடுவில் இல்லை, தோளில். அதாவது கரையோடு சேரும் இடத்தில். எனவே தடுப்பை இரண்டு கரைக்குள்ளும் சில மீட்டர் உள்ளே இழுத்துக் கட்டுங்கள். மிகுதித் தண்ணீர் வழிந்து போக நடுவில் கொஞ்சம் தாழ்வாக ஒரு வழிவாய் விடுங்கள், அந்த வாயின் உயரம்தான் மேல்பக்க நீர்மட்டத்தை முடிவு செய்கிறது. பலகை செருகி ஏற்றி இறக்குகிற மாதிரி வைத்தால் பருவத்துக்கு ஏற்ப மாற்றலாம். கட்டி முடித்த முதல் பெருமழைக்கு அடுத்த நாள் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் கரையோரமாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டு வருகிறதா, பீட் துகள் கலந்து கலங்கலாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பீட் தண்ணீர் இயல்பிலேயே தேநீர் நிறம்தான், ஆனால் தெளிவாக இருக்கும். துகள் கலந்து வந்தால் உள்ளே அரிக்கிறது, அன்றைக்கே அடைக்க வேண்டும்.

வாய்க்காலில் படகு போகிறதா என்பதைக் கட்டும் முன்பே விசாரியுங்கள். மீன் பிடிக்க, மட்டை ஏற்ற, வீட்டுக்குப் போக என்று அதை நம்பி ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வழி விடாமல் கட்டிய தடுப்பு ரொம்ப நாள் நிற்காது, வெட்டிவிட்டுப் போவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. படகை இழுத்து ஏற்றிக் கடக்கச் சாய்வுப் பாதை அமைக்கலாம், அல்லது படகு போகும் கால்வாயை விட்டுவிட்டு அதில் வந்து சேரும் கிளைகளை அடைக்கலாம்.

படி 7: பருவத்தை முந்திக்கொள்ளுங்கள்

வறட்சி வந்த பிறகு பலகை போட்டு ஒரு பயனும் இல்லை, பிடிக்கத் தண்ணீர் இருக்காது. மழைக்காலம் முடியப் போகிறது என்னும்போதே பலகையை ஏற்றி, கடைசி மழைகளை உள்ளேயே நிறுத்துங்கள். கொஞ்ச நாள் தரை ஈரமாக, அறுவடைக்குச் சிரமமாக இருக்கும், பரவாயில்லை, நாளுக்கு 2 சென்டிமீட்டர் என்று அது தானாக இறங்கிவிடும். சுமத்ராவின் ரியாவ் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சின்ன வறட்சியும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு பெரிய வறட்சியும் உண்டு, மத்திய கலிமந்தானில் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. எல் நினோ எச்சரிக்கை வந்திருக்கும் ஆண்டில் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்னால் தள்ளி யோசியுங்கள். பெருமழை தொடங்கும்போது பலகையை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும், மேல் தடுப்பிலிருந்து ஒரேயடியாகத் திறந்தால் கீழே உள்ளவை அடித்துக்கொண்டு போகும்.

பக்கத்து நிலத்துக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள முழு மேடும் தண்ணீர் விஷயத்தில் ஒரே நிலம். இந்தோனேசியச் சட்டம் இதை ஒரே நீரியல் அலகாகத்தான் பார்க்கிறது. பக்கத்தில் ஒருவர் ஆழமாக ஒரு கால்வாய் வெட்டினால் உங்கள் குழாயில் அது தெரியும். வாய்ச்சண்டைக்குப் போகும் முன் உங்கள் நோட்டை எடுத்துக் காட்டுங்கள், அவர் கால்வாய்ப் பக்கத்துக் குழாயும் தள்ளி உள்ள குழாயும் ஒரே மாதத்தில் எப்படி வேறுபட்டன என்று. இரண்டு வருஷ அளவு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

மறுநடவுக்கு முன்பு

செம்பனையை 25 ஆண்டு போல வைத்திருப்போம். அந்த 25 ஆண்டில், வருஷத்துக்கு 4 சென்டிமீட்டர் என்று வைத்தாலும், நிலம் ஒரு மீட்டர் தாழ்ந்திருக்கும். மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து நிற்பது அதனால்தான். ஆற்றின் நீர்மட்டமோ தாழாது. ஒரு கட்டத்தில் நிலம் ஆற்று மட்டத்துக்குச் சமமாக வந்துவிடும், அதற்கு மேல் வாய்க்கால் எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் தானாக வெளியே போகாது, கடலோரமாக இருந்தால் ஏற்றநீர் நேரத்தில் உள்ளே வரும். எனவே பழைய மரத்தைச் சாய்க்கும் முன்னால் மூன்று எண்ணை எழுதி வைத்துப் பாருங்கள்: இப்போது நிலத்தின் உயரம், மழைக்காலத்தில் ஆறு நிற்கும் உயரம், உங்கள் கம்பம் காட்டிய வருடாந்தத் தாழ்வு. அடுத்த 25 ஆண்டு முடிவதற்குள் முதல் எண் இரண்டாவதைத் தொட்டுவிடும் என்றால், அந்த பிளாக்கில் மறுபடி செம்பனை நடுவது கரை கட்டி, பம்பு வைத்து, வருஷம் முழுக்க டீசல் ஊற்றும் வேலையாக முடியும். ஈரத்தில் வளர்கிற சவ்வரிசிப் பனை, ஜெலுத்தோங் (பால் எடுக்கும் சதுப்பு மரம்) போன்றவற்றுக்கு அந்தத் தாழ்ந்த பிளாக்குகளை மாற்றுவதை அப்போதே யோசியுங்கள். கன்று கிடைக்குமா, விளைச்சலை வாங்க ஆள் உண்டா என்று விசாரிக்கவே ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும், அதனால் அந்த விசாரணையை மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.